அக்கா வீட்டில் கேட்ட துடிப்பு

மோட்டார்காரரின் இதயத் துடிப்பு, அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மூன்றாவது மாதத்தில், அவருடைய மனைவியின் அக்கா வீட்டில் கேட்க ஆரம்பித்தது. அந்த வாரம் வெங்காய விலை ஏறியிருந்தது, தண்ணீரும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வந்தது, ஆகவே தெருவில் யாரும் இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில், சமையலறைக்குப் பின்னால் தட்டுமுட்டுச் சாமான்கள் போட்டு வைக்கும் சின்ன அறையிலிருந்து அது வந்தது. டப், டப் என்று நிதானமாகப் போகும். நடுவில் ஓர் அடி தவறும். உடனே அதற்கு ஈடு கட்டுவதாக அடுத்த அடி பலமாக விழும். அக்கா முதலில் எலி என்று நினைத்துப் பொறி வைத்தாள். பிறகு பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் என்று நினைத்துச் சண்டைக்குப் போனாள். சண்டை முடிந்த பிறகும் சத்தம் நிற்காததால், தங்கையைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாள். தங்கை வந்தாள், கதவில் காதை வைத்தாள், அப்படியே நின்றுவிட்டாள். இருபத்தாறு வருடம் அந்தத் துடிப்பின் மேல் தலை வைத்துப் படுத்தவள் அவள். அடி தவறுகிற இடம்கூட அவளுக்கு மனப்பாடம்.

முறைப்படி பார்த்தால் அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். அவளுக்கு வந்தது வயிற்றெரிச்சல். போயும் போயும் அக்கா வீடு. சின்ன வயதில் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு அக்காவுக்கு. புதுத் துணி எடுத்தால் அக்கா போட்டுச் சலித்த பிறகுதான் தங்கைக்கு. நீள முடி அக்காவுக்கு, பேன் மட்டும் இருவருக்கும் பொது. அம்மாவின் தோடு, அப்பாவின் ரேடியோ, காற்று வரும் அறை எல்லாம் கேட்காமலே அக்காவிடம் போய்ச் சேர்ந்தன. அக்கா எதையும் பறித்ததில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். பறித்தால் சண்டையாவது போடலாம். அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பாள், பொருள்கள் தாமாகவே நடந்துபோய் அவள் மடியில் ஏறிக்கொள்ளும். தங்கையிடமே கடைசிவரை தங்கிய ஒரே உருப்படி புருஷன்தான். இப்போது அவருக்குள் இருந்ததும் அங்கே போய்விட்டது, கூடு மட்டும் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊரே மோட்டார்காரர் என்று கூப்பிட்ட அவருக்குத் தொழில் காயில் கட்டுவது. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எடுத்து, புதுக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக உள்ளே அடுக்கி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, மறுபடி ஓட விடுவார். சொன்ன நாளில் எதையும் கொடுக்க மாட்டார், அதனால் கடை வாசலில் எப்போதும் யாராவது ஒருவர் அவரைத் திட்டிக்கொண்டிருப்பார். ஆனால் கொடுத்த பிறகு அந்த மோட்டார் வாங்கியவரின் பேரன் காலம் வரை ஓடும். திட்டுகிறவர்களோடு அவரும் சேர்ந்து தன்னையே திட்டிக்கொள்வார். வாய் ஓயாத மனுஷன். ஒரு நாள் காலை, பெரிய பம்பு மோட்டார் ஒன்றை மேசைக்குத் தூக்கும்போது, நெஞ்சை யாரோ இடுக்கியால் பிடித்துத் திருகுவது போல இருந்தது. வியர்த்துக் கொட்டியது, இடது கை மரத்துப்போனது. ஆஸ்பத்திரியில், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் இரண்டு இடத்தில் அடைப்பு என்று சொல்லி, உள்ளே மெல்லிய கம்பிச் சுருள்களை வைத்தார்கள். வார்டுக்குத் திரும்பியதும் அவர், "என் தொழிலை எனக்கே பண்ணிட்டாங்க, உள்ள காயில் கட்டி அனுப்பிட்டாங்க" என்றார். பக்கத்துக் கட்டில்காரர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் சிரிக்கிற மாதிரி எதுவும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தங்கை அவரைப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டாள். தண்ணீர்க் குடத்தைத் தொடக் கூடாது, படி ஏறக் கூடாது, குனிந்து செருப்பு மாட்டக் கூடாது. உப்பு போனது, எண்ணெய் போனது. வார்னிஷ் நெடி ஆகாது என்று கடையையே போன் கவர் விற்கிற ஒருவருக்கு விட்டுவிட்டாள். இடுக்கி, சுத்தியல், கம்பி உருளைகள் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பரண்மேல் ஏற்றினாள். சீலிங் ஃபேன் கிறீச்சிட்டபோது, அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்துக் கழற்றி, கடைத்தெருவில் வேறொரு காயில்காரரிடம் கொடுத்துச் சரிசெய்து மாட்டினாள். அவர் கண்ணயரவில்லை, மூடிக்கொண்டு மட்டும் இருந்தார். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் தினம் சாயங்காலம் போன் செய்து, அப்பா மாத்திரை போட்டாரா என்று அம்மாவிடம் கேட்பாள். அப்பாவிடம் பேசிச் சிரமப்படுத்த வேண்டாம் என்று வைத்துவிடுவாள். இருபத்தாறு வருடமாகத் தினம் ஒரு சண்டையாவது போட்ட பெண்டாட்டி, இப்போது அவர் எதைச் சொன்னாலும் சரிங்க என்றாள். வீட்டில் டிவிகூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

மோட்டார்காரர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார், பிறகு அங்கிருந்து எழுந்திருக்க அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை. சட்டையில் ஒரு பொத்தானைப் போடுவார், அடுத்த பொத்தானுக்குப் போவதற்குள் அலுத்துவிடும். சாப்பாடு மண்ணாக இருந்தது. தூக்கம் போனது. ஏப்பம் வந்தால் இதுதான் கடைசி என்று வியர்ப்பார். ஏப்பம் போன பிறகு, இதுவும் இல்லையா என்று முகம் தொங்கும். ரிப்போர்ட் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். கண்டம் தப்பியாகிவிட்டது, பிறகு என்ன மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, என்றார்கள் சொந்தக்காரர்கள். அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. உயிரோடு இருக்கிறவன் சந்தோஷமாக இருக்க வேண்டும், நமக்கு அது வரவில்லை என்றால் நம்மிடம்தான் கோளாறு என்று அதற்கும் சேர்த்துத் தன்னை நொந்துகொண்டார். இப்படி இருக்கும்போதுதான் அவருடைய துடிப்பு, சொல்லாமல் கொள்ளாமல், கிளம்பிப் போனது.

அக்கா வீட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்த தங்கை, நேராகப் போய் அவர் மார்பில் காதை வைத்தாள். உள்ளே பூட்டிய வீட்டின் அமைதி. அவர் மூச்சு விட்டார், கண் சிமிட்டினார், என்ன என்று புருவத்தைத் தூக்கினார். துடிப்பு மட்டும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், தட்டிப் பார்த்தார், நர்ஸின் ஸ்டெதஸ்கோப்பை வாங்கி வைத்தார். ஈசிஜியில் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக வந்தது. மோட்டார்காரர் சட்டையைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். டாக்டருக்கு வாசலில் இன்னும் நிறைய பேர் காத்திருந்தார்கள். உயிரோடு பேசுகிற ஆளுக்கு அவசரச் சிகிச்சை எதுவும் அவர் படித்த புத்தகத்தில் இல்லை. மாடியில் இதய நோயாளிகளை நடக்க வைக்கிற வகுப்பு ஒன்று இருக்கிறது, அங்கே இருக்கும் சிஸ்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அந்த சிஸ்டர் இளவயதுக்காரி, தலைமுடியை அலட்சியமாக முடிச்சுப் போட்டிருந்தாள். துடிப்பு எங்கே என்று கேட்கவில்லை. தூக்கம் வருகிறதா, முன்னால் பிடித்தது எதுவாவது இப்போது பிடிக்கிறதா என்று கேட்டாள். பிறகு தங்கையை வெளியே உட்காரச் சொன்னாள். கண்ணாடிக் கதவு வழியாகத் தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனின் வாய் அசைந்தது. அசைந்துகொண்டே இருந்தது. வீட்டில் மூன்று மாதமாகத் தண்ணி, போதும், சரி என்கிற மூன்று வார்த்தையில் காலம் தள்ளுகிற மனுஷன், முன்பின் தெரியாத ஒருத்தியிடம் அரை மணி நேரம் பேசினார்; நடுவில் துண்டால் கண்ணையும் துடைத்துக்கொண்டார். அக்கா பற்றிய எரிச்சலே அடங்காத நிலையில் தங்கைக்கு இது வேறு. அந்த சிஸ்டரின் முடிச்சைப் பிடித்து அவிழ்க்க வேண்டும் போல இருந்தது.

சிஸ்டர் வெளியே வந்து தங்கையோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். மாரடைப்பு வந்தவர்களில் நிறைய பேருக்கு இந்த மனச்சோர்வு வருகிறது, இது சோம்பலோ செல்லமோ இல்லை, இதுவும் ஒரு வியாதி, கவனிக்காவிட்டால் சிகரெட் அளவுக்கு இதயத்தைக் கெடுக்கும் என்றாள். இதே மாடியில் மனநல டாக்டர் இருக்கிறார், மாத்திரை உண்டு, பேசலாம், நடக்க வைக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக மாறும் என்றாள். தங்கை எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, தனக்கு வேண்டியதை மட்டும் கேட்டாள்.

"உங்ககிட்ட அப்படி என்னதான் சொன்னார்?"

"அவரே சொல்லச் சொன்னார்" என்றாள் சிஸ்டர். "வீட்டுல எல்லாரும் ரொம்ப மரியாதையா நடந்துக்குறாங்களாம். போய்ச் சேர்ந்துட்ட மனுஷனுக்குக் குடுக்குற மரியாதை மாதிரி இருக்காம்."

அந்தப் பேச்சு தங்கைக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அது உள்ளே இறங்குவதற்கு இடம் இல்லாமல் அக்கா அங்கே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலில் அந்தக் கணக்கைத் தீர்த்தாக வேண்டும். மறுநாள் அவள் அவரை வீட்டுப் படிக்கட்டில் மெதுவாக ஏறி இறங்கச் சொல்லிவிட்டு, போனில் அக்காவிடம் இப்போது எப்படிக் கேட்கிறது என்று கேட்டாள். வேகமாகக் கேட்கிறது என்றாள் அக்கா. உட்கார வைத்தாள். இப்போது மெதுவாகிவிட்டது என்றாள் அக்கா, அவள் குரலில் ஒரு பெருமை இருந்ததாகத் தங்கைக்குப் பட்டது. அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. மூடி போட்ட ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள்.

அக்காவின் புருஷன் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் வந்ததிலிருந்து தனக்கு நல்ல தூக்கம் வருகிறது, தயவுசெய்து எடுத்துக்கொண்டு போய்விடாதே என்று அவர் வேறு வேண்டுகோள் வைத்தார். தங்கை நேராகச் சாமான் அறைக்குள் நுழைந்தாள். பழைய சூட்கேஸ், உடைந்த குடை, காலி டின்கள் எல்லாவற்றையும் விலக்கினாள். மூலையில், பேப்பர் விரித்து, அதன்மேல் எரிந்துபோன ஒரு தண்ணீர் பம்பு மோட்டார் இருந்தது. கை வைத்தாள். துடிப்பு உள்ளங்கையில் ஏறியது. அந்த வீட்டில் மோட்டார் எரிந்தது மாரடைப்புக்கு இரண்டு நாள் முன்பு. அடுத்த வாரம் வந்து கட்டித் தருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அக்கா கீழ்க் குழாயிலிருந்து மூன்று மாடிக்குக் குடம் சுமந்துகொண்டிருந்தாள். சுமந்து சுமந்து கூனிப்போன அக்காவின் முதுகை இப்போதுதான் தங்கை பார்த்தாள், பார்த்தும் மனம் இளகவில்லை.

"என் வீட்டுக்காரரோடதை நீ எதுக்குடி வச்சிருக்க?" என்றாள்.

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். "நான் ஒண்ணும் எடுத்து வச்சுக்கல. தம்பி வந்து கட்டுவார்னு மோட்டாரைப் போட்டு வச்சிருக்கேன். வேற ஆள்கிட்ட குடுக்க மனசு வரல. அவ்வளவுதான்."

டப்பாவில் மோட்டார் அடங்கவில்லை. ஒரு ஆளை வைத்துக் கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, தங்கை அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கொண்டுவந்தவள் அதை அவர் கண்ணில் காட்டினாளா என்றால் இல்லை. பார்த்தால் தூக்கப் போவார், தூக்கினால் நெஞ்சு தாங்காது என்று பீரோவுக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்று அவள் நிம்மதியாகக் காபி குடித்தாள். துடிப்பு இப்போது தன் வீட்டில், தன் பீரோவில், தன் கல்யாணச் சேலைக்குக் கீழே. ஆனால் காபி முடிவதற்குள் போன் வந்தது. மோட்டார் இருந்த இடத்தில், வெறும் பேப்பரின் மேல், பழையபடி கேட்கிறது என்றாள் அக்கா. பீரோவைத் திறந்து காதை வைத்தால், மோட்டார் கல்லாகக் கிடந்தது. தங்கை மோட்டாரைத் திருப்பி அனுப்பினாள், அனுப்பும்போது அழுதாள், அழுவது எந்தக் கணக்கில் என்று அவளுக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு துடிப்பு மெலியத் தொடங்கியது. அக்கா தினமும் போன் செய்து நிலவரம் சொன்னாள்: நேற்றைவிட இன்று மெதுவாக இருக்கிறது, நடுவில் இரண்டு அடி தவறுகிறது, கதவைச் சாத்தினால் கேட்கவே இல்லை. அக்காவின் புருஷனுக்கு மறுபடி தூக்கம் போனது. தங்கை வீட்டைக் குடைந்து பார்த்தபோது, ஜன்னலோரம் இருந்த செடியின் மண்ணில் மாத்திரைகள் கிடைத்தன. ரத்தம் உறையாமல் இருக்க, அழுத்தம் குறைய, கொழுப்புக் குறைய, மனதுக்கு என்று மாடியில் இருக்கும் டாக்டர் புதிதாகக் கொடுத்தது வரை, எல்லாவற்றையும் அவர் விரலால் குழி தோண்டிப் புதைத்திருந்தார். அந்தச் செடி அந்தக் கோடையில் எந்த வெயிலுக்கும் வாடாமல் நிதானமாக இருந்தது. தங்கை மண் ஒட்டிய மாத்திரைகளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எதிரில் நின்றாள். அவர் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்பது போல, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாவதற்கு அவருக்கு ஆசை இருந்ததாகவும் சொல்ல முடியாது. இருப்பதற்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

தங்கை சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திக்கொண்டு தன் வீட்டை ஒருமுறை மனதால் சுற்றி வந்தாள். ஃபேன் ஓடுகிறது. குழாய் ஒழுகவில்லை. கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், காலிங் பெல் எல்லாம் வேறு யார் யாரோ கை வைத்து ஒழுங்காக இருக்கின்றன. இந்த வீட்டில் அவருக்காகக் காத்துக்கொண்டிருக்கும் பொருள் ஒன்றுகூட இல்லை. அக்கா வீட்டில் ஒன்று இருக்கிறது. வெறும் ஒரு கரிந்த மோட்டாரைப் போட்டு வைத்தே அவள் ஜெயித்துவிட்டாள். இதை நினைத்தபோது தங்கைக்குள் அத்தனை வருடத்துப் பொறாமையும் ஒன்றாகத் திரண்டு வந்தது, ஜன்னல் சீட்டு, தோடு, ரேடியோ எல்லாம் சேர்ந்து. அவள் மிக்சியை எடுத்து மேடைமேல் வைத்தாள். கல்யாணத்துக்கு முன்பே அவர் தன் கையால் காயில் கட்டிப் பரிசாகக் கொடுத்த மிக்சி அது, இதுவரை ஒருமுறைகூட மக்கர் பண்ணாதது. ஜாரில் ஒரு எவர்சில்வர் ஸ்பூனைப் போட்டு, பிளேடு சுற்ற முடியாமல் அண்டை கொடுத்து, மூடி, சுவிட்சைப் போட்டாள்.

மிக்சி முனகியது. அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தான், மோட்டாரைக் காப்பாற்றுவதற்காகவே இருப்பது, துள்ளி வெளியே வந்து ஓட்டத்தை நிறுத்தியது. அவள் அதை உள்ளே அமுக்கிவிட்டு மறுபடி போட்டாள். மறுபடி துள்ளியது, மறுபடி அமுக்கினாள். நீலப் புகை வந்தது. கருகும் வார்னிஷின் நெடி சமையலறைக் கதவுக்கு அடியில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, ஜன்னலோர நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்பூனை எடுத்து ஒளித்துவிட்டு அவள் காத்திருந்தாள். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மோட்டார்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். மேல் பொத்தான் ஒன்று மட்டும் போட்டிருந்தார், மூன்று மாதத் தாடி இருந்தது.

"என்ன எரியுது?" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு வீட்டில் அவராகக் கேட்ட முதல் கேள்வி அது.

தங்கைக்குத் தயாராக ஒரு பொய் இருந்தது. அது வாயில் வரவில்லை. "அவ வீட்டுல மட்டும் துடிக்குது" என்றாள். "எனக்கும் ஒண்ணு வேணும். இதைக் கட்டிக் குடுங்க."

"என்னால முடியாது."

"முடியும்போது கட்டுங்க. வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்" என்றவள், அதோடு விடாமல், பழைய குரலில், கடையைக் காலி பண்ணச் சொல்லியாகிவிட்டது, தாடியைப் பார்க்கச் சகிக்கவில்லை, இனி மாத்திரையைச் செடிக்குப் போட்டால் செடியையும் உங்களையும் சேர்த்து வெளியே வைத்துவிடுவேன் என்று நன்றாகச் சண்டை போட்டாள். போன் கவர்காரரிடம் அவள் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. அதை அன்று சாயங்காலமே போய்ப் பேசினாள். டிவியின் குரலும் அன்று முதல் பழையபடி ஏறியது.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய்க் கணக்கு. மிக்சி சாப்பாட்டு மேசையின் நடுவில் வாரக்கணக்கில் கிடந்தது. சட்னி, பொடி, மசாலா எதுவும் அரைபடவில்லை; அரைக்காத சாப்பாட்டையே இருவரும் சாப்பிட்டார்கள். தங்கை தினம் அவர் உள்ளங்கையில் மாத்திரையை வைத்து, விழுங்கும்வரை தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரி மாடிக்கு அழைத்துப்போய் நடக்க விட்டாள். மனநல டாக்டரிடமும் அந்த சிஸ்டரிடமும் அவர் பேசும்போது வெளியே உட்கார்ந்து, பொறாமையை வெற்றிலை மெல்வது போல மென்றுகொண்டிருந்தாள். சில நாள் அவர் இரண்டு பொத்தான் போட்டார். சில நாள் ஒன்றுகூடப் போடவில்லை. ஒரு நாள் மேசையைக் கடக்கும்போது மிக்சியைத் திருப்பி அடியைப் பார்த்தார். இன்னொரு நாள் பரண்மேல் இருந்த சாக்கை இறக்கித் தரச் சொன்னார். பிறகு ஒரு நாள், காலை வெயில் மேசைமேல் விழுந்திருந்தபோது, உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்றிக் கருகிய கம்பியை இழுக்க ஆரம்பித்தார். இழுக்கும்போது வழக்கம் போல நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அன்று பதினோரு மணிக்கு அக்கா போன் செய்தாள். "நின்னு போச்சுடி. ஒரு மணி நேரமா சுத்தமா சத்தமே இல்ல."

தங்கை கூடத்தை எட்டிப் பார்த்தாள். அவர் குனிந்து கம்பி அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், பிரித்துப் போட்ட மிக்சியின் கூட்டைத் தொட்டாள். டப், டப். ஓர் அடி தவறியது. அடுத்த அடி பலமாக விழுந்தது. போனில் அக்கா ஹலோ, ஹலோ என்று அழுதுகொண்டிருந்தாள். உடனே சொல்லியிருக்கலாம். தங்கை சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு, மற்றக் கையை மிக்சியின் மேல் வைத்தபடி, தன் வாழ்நாளில் முதல்முறையாக அக்காவிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருப்பதை நன்றாக அனுபவித்தாள். நீண்ட நேரம் இல்லை, ஒரு குடம் நிறைகிற நேரம். அதற்குள் மூன்று மாடி குடம் சுமந்த அந்த முதுகு நினைவுக்கு வந்துவிட்டது. "இங்க இருக்கு" என்றாள். "மோட்டாரை அனுப்பி வை, இது முடிஞ்சதும் உன்னுதைக் கட்டச் சொல்றேன்." அக்கா, எப்போது முடியும் என்று கேட்டாள். சொன்ன நாளில் அவர் எதைத்தான் கொடுத்திருக்கிறார் என்றாள் தங்கை.

இது நடந்து சில வருடம் ஆகிறது. கடை மறுபடி திறந்தது. கனமான மோட்டார்களை வாடிக்கையாளர்களே மேசைக்குத் தூக்கி வைக்க வேண்டும் என்று ஏற்பாடு, தூக்கும்போது அவர்கள் அவரைத் திட்டிக்கொள்ளலாம். அவ்வப்போது அவருக்கு நாற்காலி நாட்கள் திரும்பி வரும், அப்போது டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் மாற்றுவார், சிஸ்டர் கூடுதலாக நடக்க வைப்பாள், சில வாரத்தில் அது போகும். துடிப்பு அவர் மார்புக்குத் திரும்பவில்லை. கையில் எந்த வேலை இருக்கிறதோ அதில் இருக்கும், வேலை முடிந்தால் அடுத்ததற்குப் போகும். அக்கா வீட்டு பம்பைக் கட்டிக்கொண்டிருந்த நாட்களில் அது அந்தப் பம்பில்தான் இருந்தது, தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தாள். அடுத்து தங்கை வீட்டு அயர்ன் பாக்ஸ் எரிந்தது. பிறகு அக்கா வீட்டு ஃபேன். பிறகு தங்கை வீட்டு கிரைண்டர். அந்த இரண்டு வீட்டிலும் கரண்ட் சரியில்லை என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் வருடாந்திரப் பரிசோதனை. இந்த முறை மிக்சியின் முறை. இரண்டாவது தடவையாக எரிந்து, பாதி கட்டிய நிலையில் இருந்ததால், அதைத் துண்டில் சுற்றிக் கூடையில் எடுத்துப் போனார்கள். சிஸ்டர் அதைக் கட்டிலில் வைத்து ஈசிஜி கிளிப்புகளை மாட்டினாள், டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு, நன்றாக இருக்கிறது, உப்பு மட்டும் குறையுங்கள் என்றார். துணைக்கு அக்காவும் வந்திருந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் தங்கை உட்கார்ந்தாள், கூடை மடியில், பக்கத்தில் அவர், எதிர் சீட்டில் அக்கா. உனக்குக் கை வலிக்கும், கொஞ்ச நேரம் நான் வைத்திருக்கிறேன் என்று அக்கா கையை நீட்டினாள். வேண்டாம் என்றாள் தங்கை. அக்கா கையை எடுத்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

மோட்டார்காரர் சிரித்தார். "முதல் தடவையே பிளேடுல ஸ்பூன் தடம் இருந்துச்சு" என்றார், யாரிடமும் இல்லாமல். "பொத்தானை ரெண்டு மூணு தடவையாவது அமுக்கியிருக்கணும். அன்னிக்கே பார்த்தேன். நமக்காக ஒருத்தி மிக்சியையே கொளுத்துறாளேன்னுதான் எந்திரிச்சு உக்காந்தேன்."

தங்கைக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது. மடியில் துடிப்பு ஓர் அடி தவறி, அடுத்த அடி பலமாக விழுந்தது. இரண்டு நிறுத்தம் போன பிறகு அவள் கூடையை எடுத்து எதிர் சீட்டில் இருந்த அக்காவிடம் கொடுத்தாள். மூன்றாவது நிறுத்தத்தில் திருப்பி வாங்கிக்கொண்டாள்.